டர்போ பைப்பில் எண்ணெய் ஈரம்: கேட்ச் கேன் போடலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2021 மாடல் இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் இருக்கிறது. 1.9 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், 84,000 கிமீ ஓடியிருக்கிறது. தினமும் வீட்டுக்கும் தோப்புக்கும் நாலைந்து கிமீ ஓட்டம், மாதம் ஓரிரு முறை வால்பாறை. போன வாரம் ஏர் ஃபில்டர் மாற்றும்போது ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் பைப்பைக் கழற்றினோம். உள்ளே எண்ணெய் ஈரம். பட்டறைக்காரர் "ஆயில் கேட்ச் கேன் போடுங்க, சரியாயிடும், 4,500 ரூபாய்தான்" என்கிறார். ஆஸ்திரேலியாக்காரர்கள் வீடியோக்களில் இதே மாதிரி வண்டிகளுக்குப் போடுவதைப் பார்த்தேன். வாரன்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. போடலாமா? பெட்ரோல் டர்போ மஹிந்திரா தார் வைத்திருக்கும் என் மச்சானும் இதையே கேட்கிறார்.

பதில்: கேட்ச் கேன் என்பது எஞ்சின் ஆவியோடு வரும் எண்ணெயை வழியிலேயே பிடித்து வைக்கும் டப்பா. அதை இப்போது போட வேண்டாம். வாரன்டி முடியட்டும். அதற்குள் சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். அதன் பிறகும் போட வேண்டும் என்று தோன்றினால் நல்ல கேனாகப் பார்த்துப் போடலாம். அதுவும், மாதம் ஒருமுறையாவது பானட்டைத் திறந்து அதை வடிக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் மட்டும்.

முதலில் அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எவ்வளவு புது எஞ்சினாக இருந்தாலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே சம்ப் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) பக்கம் இறங்கத்தான் செய்யும். அதில் எண்ணெய்த் துளிகள், நீராவி, கரி, எரியாத டீசல் எல்லாம் கலந்திருக்கும். அதை உள்ளேயே அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும். ஆகவே எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து ஒரு பிரீதர் ஹோஸ் புறப்பட்டு, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள பைப்பில் போய்ச் சேர்கிறது. டர்போ காற்றை இழுக்கும்போது இதையும் சேர்த்து இழுத்து எரித்துவிடும். பழைய லாரிகளில் இந்த பிரீதர் பைப் நேராகத் தரையைப் பார்த்துத் தொங்கும், நிறுத்திய இடத்தில் சொட்டுக் கறை இருக்கும். மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுகத்தான் இந்தச் சுற்று மூடப்பட்டது. அமெரிக்காவில் 2007 வரை டர்போ வைத்த பெரிய டீசல் எஞ்சின்களுக்கு இதில் விலக்கே இருந்தது.

நீங்கள் ஈரம் பார்த்த இடம் டர்போவுக்கு முன்னால். டர்போ சீல் போய்க் கசிந்திருந்தால் எண்ணெய் பெரும்பாலும் டர்போவுக்குப் பின்னால், அழுத்திய காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலர் பக்கம்தான் தெரியும். முன்பக்கப் பைப்பில், அதுவும் பிரீதர் ஹோஸ் வந்து சேரும் இடத்திலிருந்து டர்போ வரை மட்டும் ஈரம் இருந்தால் அது பிரீதர் வழியாக வந்த எண்ணெய். டர்போமேல் பழி போட வேண்டியதில்லை. விரலால் தடவினால் கறுப்பாக ஒட்டுகிற அளவு ஈரம் இருப்பது 84,000 கிமீ ஓடிய டீசல் வண்டிக்குச் சகஜம். பைப்பைச் சாய்த்தால் எண்ணெய் வழிந்து ஓடுகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஏர் ஃபில்டர் எவ்வளவு அழுக்காக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. தோப்பு ரோட்டில் ஓடும் வண்டி என்பதால் கேட்கிறேன். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் டர்போ வாயில் உறிஞ்சல் கூடும். காற்று கிடைக்காத டர்போ, பிரீதர் வழியாக எண்ணெய் ஆவியை இன்னும் பலமாக இழுக்கும். புது ஃபில்டர் போட்ட பிறகு பைப்பை உள்ளே துடைத்துவிட்டு, 2,000 கிமீ கழித்து மறுபடி பாருங்கள். ஈரம் வெகுவாகக் குறைந்திருந்தால் உங்கள் பிரச்சினை ஒரு புது ஃபில்டரிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. தினமும் நாலைந்து கிமீ ஓட்டம் என்கிறீர்கள். உங்களுடையது பிஎஸ் 6 வண்டி, புகைபோக்கியில் டிபிஎஃப், அதாவது கரியைப் பிடிக்கும் ஃபில்டர், இருக்கிறது. அது சேர்த்து வைத்த கரியை அவ்வப்போது சூடாக்கி எரிக்க வேண்டும். பெரும்பாலான சிறிய டீசல்களில் அந்தச் சூட்டை வரவழைக்க, பவர் ஸ்ட்ரோக் முடிகிற நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை சிலிண்டருக்குள்ளேயே அடிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு சுவரில் பட்டு, ரிங்கைத் தாண்டி சம்புக்குப் போய்விடும். நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டியில் எஞ்சின் சூட்டுக்கு அந்த டீசல் மெல்ல ஆவியாகிவிடும். நாலு கிமீயில் வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும், அடுத்த நாள் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் சம்பில் டீசல் சேரும்.

ஆகவே முதல் சோதனைக்குக் காசே ஆகாது. காலையில், சமதரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுங்கள். அளவு மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாசனை அடிக்கிறதா? போன சர்வீஸுக்குப் பிறகு அளவு ஏறியிருக்கிறதா? பெட்ரோல் வண்டிக்காரர்கள் எண்ணெய் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். டிபிஎஃப் டீசலில் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அளவு கூடிப்போனால் கிராங்க் சுற்றும்போது எண்ணெயை அடித்து நுரையும் புகையுமாக்கும், அதெல்லாம் பிரீதர் வழியாகத்தான் வெளியேறும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று அரை லிட்டர் அதிகம் ஊற்றுகிற பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. விளைவு அதேதான்.

அளவு ஏறியிருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு, ஓட்டும் விதத்தை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை கோவை ரோட்டிலோ உடுமலை ரோட்டிலோ அரை மணி நேரம், நிற்காமல், ஒரே சீரான வேகத்தில் ஓட்டுங்கள். வால்பாறை ஏற்றம் எஞ்சினுக்கு நல்ல சூடு கொடுக்கும், ஆனால் மாதம் ஓரிரு முறை போதாது. நீர்த்துப்போன எண்ணெய் ரிங்கையும் பேரிங்கையும் தேய்க்கும். அதற்குக் கேட்ச் கேன் எந்த உதவியும் செய்யாது. கேனில் சேர்வதைப் பார்த்து "அப்பாடா, இவ்வளவும் எஞ்சினுக்குள் போகாமல் தடுத்துவிட்டேன்" என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே கீழே பேரிங் தேய்ந்துகொண்டிருக்கும்.

ஆயிலின் தரமும் பார்க்க வேண்டிய விஷயம். டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும். கையேட்டில் எந்தத் தரம் எழுதியிருக்கிறதோ அதேதான். அந்தத் தரங்களில் ஆவியாகும் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. உதாரணமாக ஐரோப்பிய வண்டிக் கம்பெனிகளின் சங்கம் வகுத்த ஏசிஇஏ சி3 தரத்தில், 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் 13 சதவீதத்துக்கு மேல் ஆவியாகக் கூடாது. டின்னில் விலையை மட்டும் பார்த்து வாங்கிய ஆயில் அதைவிட அதிகம் ஆவியாகும், அந்த ஆவி நேராக உங்கள் டர்போ பைப்புக்குத்தான் வரும்.

சரி, அப்படியானால் கேட்ச் கேன் வெறும் ஏமாற்று வேலையா? அப்படியும் சொல்ல மாட்டேன். அது தீர்க்க வேண்டிய பிரச்சினை உண்மையானது. டீசல் எஞ்சினில் ஈஜிஆர் வால்வு புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிறது, எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்த. அந்தப் புகையில் கரி இருக்கும். கரி மட்டும் தனியாக வந்தால் பெரும்பகுதி காய்ந்த பொடியாகக் கடந்து போய்விடும். பிரீதர் வழியாக வரும் எண்ணெய் அதோடு சேரும்போதுதான், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டில் தார் மாதிரி அப்பிக்கொள்கிறது. ஒன்றரை, இரண்டு லட்சம் கிமீ ஓடிய டீசல்களில் மேனிஃபோல்டைக் கழற்றினால் காற்று போகும் வழியில் கணிசமான பகுதி அடைபட்டிருப்பதைப் பார்க்கலாம். வண்டி இழுவை குறையும், புகை தள்ளும், ஈஜிஆர் வால்வு ஒட்டிக்கொள்ளும். எண்ணெயை வழியிலேயே பிடித்துவிட்டால் இந்தக் கரிச்சேறு சேரும் வேகம் குறையும். ஆஸ்திரேலியாவில் இது பரவலானதற்குக் காரணம் இதுதான். அங்கே பின்னால் கேரவனைக் கட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிமீ போகிறார்கள், ஒரே வண்டியைப் பல வருடம் வைத்துக்கொள்கிறார்கள். கேனில் போட்ட காசு அவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் ஏற்கெனவே படிந்த கரியைக் கேன் கரைக்காது. 84,000 கிமீயில் சேர்ந்தது அப்படியேதான் இருக்கும். இனிமேல் சேர்வது குறையும், அவ்வளவுதான். "சரியாயிடும்" என்று பட்டறைக்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வண்டியில் கெட்டுப்போனது எது என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

இனி கேனுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருவோம், விலையின் மர்மம் அங்கேதான் இருக்கிறது. குழம்பு கொதிக்கும்போது மூடிய தட்டின் அடியில் ஆவி துளித்துளியாகக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கேனுக்குள் இருக்கும் நுண்ணிழை ஃபில்டரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் இழைகளில் பட்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கனமாகிக் கீழே சொட்டும். இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பளபள அலுமினிய டப்பாக்கள் பலவற்றைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ஒரு ஓட்டை வழியாக உள்ளே போன ஆவி மறு ஓட்டை வழியாக அப்படியே வெளியே வரும். சிலர் அதற்குள் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்ய விடாதீர்கள். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ விசிறிக்கு முன்னால் உடைந்து பறக்கக்கூடிய கம்பித் துணுக்கை யாராவது வைப்பார்களா?

பெயர் சொல்லும்படியான ஒரு பொருள் என்றால் ஜெர்மனியின் மான் ஹம்மல் நிறுவனத்தின் புரோவென்ட் 200. அந்த 200 என்பது நிமிடத்துக்கு 200 லிட்டர் வாயுவைத் தாங்கும் என்ற கணக்கு. மாற்றக்கூடிய ஃபில்டரும், அது அடைத்துக்கொண்டால் தானாகத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அதில் இருக்கின்றன. அந்த வால்வுதான் முக்கியம். அது இல்லாத கேனை டீசலில் பொருத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். டர்போவின் பேரிங்குக்குப் போகும் எண்ணெய் பம்பு அழுத்தத்தில் போகிறது, ஆனால் திரும்பி வருவது தன் எடையால் மட்டுமே. ஒரு குழாய் வழியாகச் சும்மா சம்புக்கு வழிந்து இறங்கும். கேன் அடைத்துக்கொண்டு சம்பில் அழுத்தம் ஏறினால், இறங்க வேண்டிய எண்ணெய் இறங்காது. டர்போவுக்குள்ளேயே தேங்கி, சீலைத் தாண்டி ஒரு பக்கம் இன்டர்கூலருக்கும் மறு பக்கம் சைலன்சருக்கும் போகும். எண்ணெயைத் தடுக்கப் போட்ட கேன், முன்பு வந்ததைவிடப் பல மடங்கு எண்ணெயை வரவழைத்துவிடும். அப்புறம் நீலப்புகை, டிபிஎஃப்பில் சாம்பல், பின் கிராங்க் சீலில் கசிவு. கேன் நிரம்பி வழிந்து ஒரே மூச்சில் எண்ணெய் டர்போவுக்குள் போனால் அதைவிட மோசம். டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் எரிபொருள்தான். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும். கியர் வண்டி என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு டாப் கியரில் கிளட்சை விட்டு அடக்கலாம். உங்களுடைய ஆட்டோமேட்டிக்கில் அந்த வழி இல்லை. இது அடிக்கடி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. வடிக்க மறந்த கேனால் நடக்கக்கூடியது என்பதால் சொல்கிறேன்.

மழை, குளிர் நாட்களில் கேனில் மோர் மாதிரி வெளுத்த கூழ் சேரும். வால்பாறைப் பனியில் போய் வந்தால் நிச்சயம் பார்ப்பீர்கள். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பதறாதீர்கள். நீராவியும் எண்ணெயும் கலந்தால் அப்படித்தான் இருக்கும். கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூழ் ஃபில்டரை அடைக்கும், அதனால் அந்த நாட்களில் சீக்கிரம் வடிக்க வேண்டும். வடித்ததைத் திரும்ப எஞ்சினில் ஊற்றக் கூடாது. அதில் தண்ணீரும் அமிலமும் இருக்கின்றன. பழைய ஆயில் எடுப்பவரிடமே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

எஞ்சின் எவ்வளவு வாயுவைக் கீழே தள்ளுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் ஒன்றரை மீட்டர் வாங்கி, கீழே தொங்கும்படி வளைத்து, பாதி அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் பொருத்துங்கள். மறு முனை திறந்திருக்கட்டும். தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாதபடி வளைவைத் தாழ்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஐடிலிலும் 2,500 சுற்றிலும் இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான எஞ்சினில் சொற்பமாகத்தான் இருக்கும், லேசாக உள்ளே இழுக்கவும் செய்யலாம். தண்ணீர் எகிறி வெளியே பாய்ந்தால் ரிங் அல்லது பிரீதர் அடைப்பைப் பார்க்க வேண்டும். அது கேன் தீர்க்கும் விஷயமல்ல. பிற்பாடு கேன் போட்டால் அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அழுத்தம் முன்பைவிடக் கூடியிருந்தால் கேன் மூச்சைப் பிடிக்கிறது என்று அர்த்தம், அன்றே கழற்றிவிடுங்கள். ஆயில் மூடியைக் கழற்றி ஓட்டையின் மேல் வைத்து, அது குதிக்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தையைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

எட்டு மாதம் கழித்துப் போடுவதென்றால், வேலையில் கவனிக்க வேண்டியது ஹோஸ். அதன் உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிட ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது. எண்ணெய் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும். நீல, சிவப்பு சிலிக்கான் ஹோஸ்கள் பார்க்க அழகு, ஆனால் சாதாரண சிலிக்கான் எண்ணெய் ஆவியில் ஊறி வியர்க்கும். டேப்பட் கவரிலிருந்து கேன் வரை ஹோஸ் ஒரே சரிவாக இறங்க வேண்டும், நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கிவிடும். கேனை டர்போ சூட்டிலிருந்து தள்ளி, பாடியில் அழுத்தமாகப் பிடித்துக் கட்ட வேண்டும். எஞ்சின் ஆடும்போது இழுபடாத அளவு ஹோஸில் தளர்வும் வேண்டும். எல்லாவற்றையும்விட, கிளாம்ப்கள். நீங்கள் கை வைக்கும் பைப் ஏர் ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு இடுக்கு விட்டாலும் தோப்பு ரோட்டுப் புழுதி வடிகட்டாமல் நேராக டர்போவுக்கும் சிலிண்டருக்கும் போகும். எண்ணெய் ஈரத்தோடு இரண்டு லட்சம் கிமீ ஓடலாம், புழுதியோடு முடியாது. போட்ட பிறகு 500 கிமீயில் ஒருமுறை பாருங்கள், அதில் சேர்ந்த அளவை வைத்து வடிக்கும் இடைவெளியை முடிவு செய்யலாம்.

பழைய லாரி மாதிரி ஹோஸைக் கீழே திறந்து விட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த நாற்றம் ஏசி வழியாக உள்ளே வரும். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைக் குலைப்பதாகவும் ஆகும். டீசலுக்கான மாசுச் சான்றிதழ் சோதனையில் சைலன்சர் புகையை மட்டுமே அளக்கிறார்கள். அதில் தேறிவிட்டது என்பதால் செய்தது சரி என்று ஆகாது. வாரன்டி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை: டர்போவில் எது போனாலும், வெட்டி ஒட்டிய ஹோஸைத்தான் சர்வீஸ் சென்டரில் முதலில் காட்டுவார்கள். இந்த எட்டு மாதத்துக்குள் அடுத்த சர்வீஸில் பைப் ஈரத்தைக் காட்டி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பின்னால் ஏதாவது வந்தால் அந்த ஒரு வரி உதவும்.

மச்சானின் தார் வேறு கதை. அது பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் அடிக்கும் எஞ்சின். பழைய பெட்ரோல் எஞ்சின்களில் இன்டேக் வால்வின் மேலேயே பெட்ரோல் படும், கழுவிக்கொண்டே இருக்கும். இதில் அது இல்லாததால் வால்வின் முதுகில் எண்ணெய் ஆவி கரியாகக் காய்ந்துவிடும். அமெரிக்காவில் இந்த வகைப் பெட்ரோல் டர்போ வண்டிகளுக்குக் கேட்ச் கேன் போடுகிறவர்கள் உண்டு. ஃபோர்டு 2011-இல் எஃப்-150 பிக்கப்பில் கொண்டுவந்த 3.5 லிட்டர் டர்போ எஞ்சின் நேரடியாக மட்டுமே அடிக்கும். 2017-இல் அதை மாற்றியபோது வால்வுக்கு முன்னாலும் ஒரு வரிசை இன்ஜெக்டர்களைச் சேர்த்தார்கள். தவிர, பெட்ரோல் டர்போவில் ஆவி போக இரண்டு வழிகள் உண்டு. ஐடிலிலும் மெதுவாக ஓடும்போதும் மேனிஃபோல்டுக்கு நேராகப் போகும். டர்போ அழுத்தம் ஏறியதும் அந்த வழி மூடி, டர்போ வாய்க்குப் போகும். ஒரு வழியில் மட்டும் கேன் போட்டால் பாதி வேலைதான். அவர் வண்டி எத்தனை கிமீ ஓடியிருக்கிறது என்று எழுதவில்லை. வாரன்டியில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். வாரன்டி முடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் குலுங்குகிறது என்றால், கேனுக்குக் காசு கொடுப்பதற்கு முன் கேமரா விட்டு வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். கரி படிந்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யட்டும், கேனைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.